வரைபடத்தில் ஏறிய பந்தல்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் பாதி காலியாவதற்குள் எங்கள் சந்து காணாமல் போய்விட்டது.

காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற சந்து அது. பதினோரு வீடு. கடைசியில் ஒரு பழைய அரிசி ஆலையின் மதில் — அதோடு வழி முடிந்தது. காலையில்தான் அதில் நடந்து வந்து பஸ் ஏறினேன். அதற்குள் எங்கே போய்விடும்?

விஷயம் இதுதான். நகரத்துக்குப் புதிதாக வரைபடம் தயாரித்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். எது குடியிருப்பு, எது கடைப் பகுதி, எந்த ரோடு எவ்வளவு அகலம், சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது... எல்லாம் கலர் கலராக இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம். இது முடிவான படம் இல்லை, தப்பு இருந்தால் மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

சம்பந்தி பூக்கடை வைத்திருப்பவர். காலை வியாபாரம் முடிந்துவிட்டால் பகல் முழுக்கப் போன்தான். முதலில் ஸ்ரீரங்கத்தைக் காட்டினார். கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. பார்க்கவே ஆசையாக இருந்தது.

"எங்க கொல்லைக் கிணறுகூட இருக்கு பாருங்க சம்பந்தி. இருங்க, உங்க வீட்டைக் காட்டறேன்."

விரல் காவிரியைத் தாண்டியது. மலைக்கோட்டையைத் தாண்டியது. மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதியை மேலே இருந்து பார்த்தால் தார்ப்பாயும் தகரமும்தான் தெரிகிறது. சந்தெல்லாம் அதற்கு அடியில் ஒளிந்து கிடக்கிறது. அப்படியே கிழக்கே நகர்ந்து காட்டூர் வந்து நின்றது.

"என்ன சம்பந்தி, உங்க தெரு பாதியோட நிக்குது? உங்க வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவுல குறுக்க ஒரு கட்டடம் இருக்கே."

"கட்டடமா? அப்படி எதுவும் இல்லீங்களே."

"அட, படத்துல இருக்குங்க." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "மீனா, இங்க வாம்மா. உங்க அப்பா தெருவை மறிச்சு வீடு கட்டிட்டாரு. நமக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு."

என் மகள் மீனா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தில் ஓர் ஓரத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் கோடெல்லாம் மறைந்து, ட்ரோன் வைத்து மேலே இருந்து எடுத்த போட்டோ வரும். அமுக்கினாள். எங்கள் சந்துக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு தகரக் கூரை. அதன் நடுவில் மட்டும் ஒரு மஞ்சள் ஷீட்.

"யாரு வீடுப்பா இது?"

தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

பொய். அந்த மஞ்சள் ஷீட்டைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது வீடு இல்லை. என் பந்தல்.

போன ஐப்பசியில் இதே மீனாவுக்கு வளைகாப்பு. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் விசேஷம் என்றால் வாசலில் பந்தல். வாசல் என்றால் என்ன? தெருதான். இரண்டு நாளைக்குத் தெரு நம்முடையது. வண்டியில் வருகிறவர்கள் பந்தலைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிக்கொண்டு போவோம்.

மற்றவர்கள் துணிப் பந்தல் போடுவார்கள். ஐப்பசி மழைக்குத் துணி தாங்குமா? நான் அரியமங்கலத்தில் கேட், கிரில் செய்கிற பட்டறைக்காரன். அஞ்சாவது முடித்த கையோடு இரும்பைப் பிடித்தவன். ஆங்கிள், பைப், தகர ஷீட் எல்லாம் பட்டறையிலிருந்தே கொண்டுவந்து நானே போட்டேன். ஒரு சொட்டு இறங்கக்கூடாது என்று, என் வீட்டு முகப்போடும் எதிர் வீட்டு மதிலோடும் சேர்த்து இறுக்கினேன். ஒரு ஷீட் குறைந்தது. பட்டறையில் கிடந்த பழைய மஞ்சள் கடை போர்டைத் தட்டி நிமிர்த்தி நடுவில் போட்டேன். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "இது பந்தலா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று அதிசயமாக மழை இல்லை. வளையல் போட்டுக்கொண்டிருக்கும்போது மேலே ஏதோ ரீங்காரம் கேட்டது. பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு ட்ரோன். சம்பந்தி வீட்டார் வீடியோவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் ஏற்பாடு செய்ததாகச் சம்பந்தி நினைத்துக்கொண்டாராம். இரண்டு பேருக்கும் கேட்கக் கூச்சம். இரண்டு பேரும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டோம்.

இப்போதுதான் தெரிகிறது அது யாருடைய ட்ரோன் என்று.

ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பந்தலைப் பிரித்தாகிவிட்டது. சந்து சந்தாகத்தான் இருக்கிறது. படத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மறுநாள் சாயங்காலம் சிரிப்பு நின்றுவிட்டது.

கலைச்செல்வி எங்கள் சந்தில் ரொம்ப வருஷமாக வாடகைக்கு இருக்கிற பெண். இட்லி மாவு அரைத்து விற்கிறார். புருஷன் பஸ் கண்டக்டர், பாதி நாள் வெளியூர் டூட்டி. இரண்டு பேருமாகச் சேர்த்துச் சேர்த்து, சந்தின் கடைசியில் ஆலை மதிலை ஒட்டி ஒரு மனை வாங்கியிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்குள் வேலையை ஆரம்பித்தாக வேண்டும். பேங்க் லோனுக்குப் பிளான் அப்ரூவல் வேண்டும். பிளானோடு இன்ஜினியரைப் பார்க்கப் போனவர், நேராக என் மனைவி வசந்தாவிடம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, என் மனைக்கு வழியே இல்லையாம். புது மேப்புல தெருவுக்குக் குறுக்க கட்டடம் இருக்காம். அதுக்கு அந்தாண்ட இருக்கற இடத்துக்கெல்லாம் ரோடு கிடையாதுன்னு இன்ஜினியர் சொல்றாரு. இந்த மேப் அப்படியே முடிவாயிட்டா, பிளான் கொடுத்தாலும் திரும்பி வந்துருமாம்."

"கட்டடமா? நம்ம சந்துல எங்கடி கட்டடம்?"

"அதான் எனக்கும் தெரியல. யாரு பண்ண வேலையோ. நல்லா இருக்க மாட்டாங்க அண்ணி."

நான் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும் — எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆள் எதிரே நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரே வரி சொல்லியிருந்தால் போதும். அம்மா, அது என் பந்தல். அவ்வளவுதான். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அவர் வந்து அழுதார். அழுகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதற்கடுத்த நாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே? இப்படி ஒரு நாள் தள்ளினால் மறுநாள் இரண்டு மடங்கு கனமாகிவிடுகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்... நடந்திருக்காதா?

வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சாம்பாரைக் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மண்டபம் மாதிரி இருக்குன்னு ஆளாளுக்குச் சொன்னப்ப எல்லாம் தலை நிமிர்ந்துச்சுல்ல? இப்ப அவகிட்டயும் தலை நிமிர்ந்து சொல்லுங்க."

"நீ சொல்லிடேன்."

"பந்தல் நான் போட்டேனா?"

தப்பு இருந்தால் சொல்வதற்கு எங்கள் பகுதிக்கென்று ஒரு மண்டபத்தில் கேம்ப் வைத்திருந்தார்கள். கண்டக்டருக்கு அன்று மதுரை டூட்டி. "அண்ணே, நீங்க கூட வாங்க. நீங்க இந்தச் சந்துல பழைய ஆளு. ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க" என்று கலைச்செல்வி கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

மண்டபம் நிறையக் கூட்டம். ஒருவர் தன் வீட்டைக் குடியிருப்பு மஞ்சளில் போட்டிருக்கிறார்கள், கடைக் கலரில் போடுங்கள் என்று சண்டை பிடித்தார். இன்னொருவர் வீடு படத்தில் நீலமாகக் குட்டை என்று இருந்தது. மொட்டைமாடி முழுக்கத் தண்ணீர் நின்ற நாளில் ட்ரோன் வந்திருக்கிறது. "மழைத் தண்ணி போற ஓட்டையை அடைச்சு வச்சது என் மச்சான். அவன்கிட்ட கேளுங்க மேடம்" என்றார் அவர்.

மேடம் என்பது வரைபடம் போட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் அலுவலர். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்னால் லேப்டாப், பக்கத்தில் பெரிய திரை. யார் கத்தினாலும் குரல் உயர்த்தாமல், "சொல்லுங்க" என்பார். எங்கள் முறை வந்தது.

"சொல்லுங்க சார்."

நான் கலைச்செல்வியின் பக்கம் திரும்பினேன். கலைச்செல்விதான் ஆரம்பித்தார்.

"மேடம், எங்க சந்துக்கு நடுவுல கட்டடம்னு போட்டிருக்கு. அப்படி ஒண்ணுமே கிடையாது. ட்ரோன் தப்பா எடுத்திருக்கு."

மேடம் போட்டோவைத் திரையில் பெரிதாக்கினார். "ட்ரோன் தப்பா எடுக்காதும்மா. இருக்கறதைத்தான் எடுக்கும். இது கூரை. ஓரம் பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு. இந்த வீட்டோட ஒட்டியிருக்கு. யாரோ ஷெட் போட்டு வழியை மறிச்சிருக்காங்க. ஆக்கிரமிப்புன்னா அதையும் நான் எழுதணும். இந்த வீடு யாருது?"

திரையில் அம்புக்குறி என் வீட்டு மொட்டைமாடியில் வந்து நின்றது.

"என்னுதுங்க."

கலைச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது ஷெட் இல்லீங்க. பந்தல். மகள் வளைகாப்புக்கு நான் போட்டது. அன்னைக்குத்தான் ட்ரோன் வந்துச்சு. மறுநாளே பிரிச்சுட்டேன்."

"பந்தல்னா துணியாத்தானே இருக்கும் சார்?"

"மழைக்காலம்ங்க. அதான் தகரம். ஒழுகக்கூடாதுன்னு கொஞ்சம் இறுக்கமா..." அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், "அந்த மஞ்சள் ஷீட்டு பழைய கடை போர்டுங்க. அடிப்பக்கம் 'டிபன் ரெடி'ன்னு எழுதியிருக்கும். பட்டறையில இருக்கு. வேணும்னா கொண்டாறேன்" என்றேன்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. படத்தை இன்னும் பெரிதாக்கினார். கூரைக்கு வெளியே, சந்து ஓரத்தில் இரண்டு வட்டங்கள் தெரிந்தன. அண்டாக்கள். பக்கத்தில் புகை. புகைக்குப் பக்கத்தில், கூட்டத்தில் சேராமல் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கலைச்செல்வி சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"அது இவருதாங்க மேடம். பொண்ணு வளைகாப்புக்கு உள்ள வந்து உட்காருங்கன்னா வரல. கூச்சப்பட்டுக்கிட்டு அடுப்புகிட்டயே நின்னாரு. நான்தான் இலையைத் தட்டுல வச்சு எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். அது பந்தல்தாங்க. நானும் அதுக்குள்ளதான் இருந்தேன்."

திரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு எடுத்த போட்டோ எதிலும் நான் இல்லை என்று வசந்தா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். வானத்திலிருந்து எடுத்ததில் மட்டும் இருக்கிறேன்.

"சரி. வியாழக்கிழமை நேர்ல வந்து பார்க்கறேன். தெரு காலியா இருந்தா மாத்திக் கொடுத்துடலாம்" என்றார் மேடம்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கலைச்செல்வி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்பலேர்ந்துண்ணே தெரியும் உங்களுக்கு?"

"பன்னெண்டு நாளா."

"பன்னெண்டு நாளும் உங்க வீட்டுல வந்துதானே அழுதேன்?"

"ஆமாம்மா."

"என்ன அண்ணன் நீங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். சந்துக்குள் திரும்பியதும் நின்றுவிட்டேன். என் வீட்டுக்கு அடுத்த வீட்டு வாசலில், சந்து ஓரத்தில், மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டிய ஒரு பந்தக்கால் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வீட்டு முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. எனக்கு மறந்தே போய்விட்டது. மறக்கலாமா? அவருக்குப் பந்தல் போடத் தகரம் கொடுக்கிறேன் என்று ஒரு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டவன் நான். அதே தகரம். அந்த மஞ்சள் ஷீட் உட்பட எல்லாம் அவர் ஆட்டோவில் ஏறி வந்து வாசலில் நின்றிருந்தது. மறுநாள் காலை கூரை ஏற வேண்டியதுதான் பாக்கி.

"முருகேசா, நாளைக்கு மேடம் தெருவைப் பார்க்க வராங்கப்பா."

"வரட்டும்ணே. பந்தல்ல சேரைப் போட்டு உட்கார வச்சு ஜூஸ் கொடுப்போம்."

"பந்தல் இருக்கக் கூடாதுப்பா."

அவர் முகம் மாறியது. "நல்ல நேரம் பார்த்து நட்டிருக்கு. நட்ட காலைப் பிடுங்கச் சொல்றீங்களா? பொண்ணு விசேஷம்ணே. அண்ணிகிட்டயே கேளுங்க, பிடுங்கலாமான்னு."

கேட்க வேண்டியதே இல்லை. வசந்தா வாசலில் நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். என்னை யாராவது பிடுங்கச் சொல்லியிருந்தால் நான் பிடுங்கியிருப்பேனா?

கலைச்செல்வி மாவு வாளியோடு வந்தார். பந்தக்காலைப் பார்த்தார். முருகேசனைப் பார்த்தார். இப்போது மறுபடி அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"கால் இருக்கட்டும்ணே. யாரும் பிடுங்க வேண்டாம். கூரையை மட்டும் மேடம் வந்துட்டுப் போனதும் போட்டுக்கங்க."

"சமையல்காரங்க மதியமே வந்துருவாங்கம்மா. மேகம் வேற கட்டுது. அதுக்குள்ள பந்தல் ஏறலைன்னா நான் எங்க போவேன்?"

"மேடம் போனதும் ஒரு மணி நேரத்துல நானே ஏறிப் போட்டுத் தரேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன வார்த்தைகள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் என்றிருந்தார் மேடம். பன்னிரண்டானது. ஒன்றானது. சமையல்காரர்கள் வந்து, அடுப்பைப் பற்ற வைக்காமல் சுவரோரம் உட்கார்ந்து சீட்டாட ஆரம்பித்தார்கள். அரை மணிக்கு ஒரு தரம் முருகேசன் வந்து வானத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். பிறகு கலைச்செல்வியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

மேடம் வரும்போது மூன்று மணி. உச்சியில் தட்டு மாதிரி ஒன்று வைத்த நீளமான கம்பியோடு ஓர் உதவியாளரும் வந்தார். சந்தின் முனையிலிருந்து ஆலை மதில் வரை நடந்தார்கள். கலைச்செல்வியின் மனையில் நின்று கம்பியை ஊன்றினார்கள். திரும்பி வரும்போது பந்தக்காலின் முன்னால் மேடம் நின்றார்.

"இது என்ன?"

"பந்தக்கால் மேடம்" என்றார் முருகேசன். "நாளைக்குப் பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தல் இன்னும் போடல. நல்லாப் பாத்துக்கங்க."

"நீங்களும் தகரமா?"

"அதே தகரம்தான் மேடம்."

அப்போதுதான் அவர் சிரித்து முதல் முறையாகப் பார்த்தேன். காலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து உதவியாளர் என் வீட்டு வாசலில் டேப்பை நீட்டினார்.

"மேடம், அளந்த இடமெல்லாம் பதினாறடி இருக்கு. இங்க மட்டும் பன்னெண்டரை."

குனிந்து பார்த்தேன். என் வாசலில் ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சிமெண்டுச் சரிவு. பக்கத்தில் இரண்டு படி. எல்லாம் சந்தில். போதாததற்கு என் கேட் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஊரில் எத்தனை பேருக்குக் கேட் போட்டிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும், கேட் உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டில் போகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்காது என்று சொல்வேன்.

"வழியோட அகலம்னா, எங்க ரொம்பக் குறுகுதோ அந்த அளவைத்தான் எழுதுவோம் சார்" என்றார் மேடம். "பன்னெண்டரைன்னு எழுதினா இவங்க பிளானுக்குப் பத்தாது."

கலைச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சரிவைப் பார்த்தபடி நின்றார். ஒரு தடவை பேசாமல் இருந்து பன்னிரண்டு நாளை வீணாக்கியவன் நான். இந்தத் தடவை யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டால் மறுபடி வாய் ஒட்டிக்கொள்ளும்.

"எடுத்துடறேன்ங்க. இப்பவே."

மேடம் வாட்சைப் பார்த்தார். "ரெண்டு தெரு தள்ளி இன்னொரு அளவு இருக்கு. முடிச்சுட்டு இந்தப் பக்கமாத்தான் திரும்புவேன். ஒரு மணி நேரம் ஆகும்."

ஒரு மணி நேரம். அதே ஒரு மணி நேரத்தைத்தான் முருகேசனின் கூரைக்குக் கொடுத்திருந்தேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது.

முருகேசன் மேலே பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "பார்த்துக்கிட்டே நின்னா எப்படிண்ணே? சம்மட்டி எங்க?" என்றார்.

நான் சம்மட்டியை எடுக்க, அவர் கடப்பாரையை எடுத்தார். சீட்டாடிக்கொண்டிருந்த சமையல்காரர்களில் இருவர் வந்து கேட்டைக் கழற்றித் தூக்கினார்கள். என் கையால் பூசிய சிமெண்டு. பந்தல் மாதிரியே அதையும் கொஞ்சம் கெட்டியாகத்தான் போட்டிருந்தேன். உடையவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு அடிக்கும் வசந்தா உள்ளேயிருந்து, "மெதுவா, சுவரு, சுவரு" என்றாள். கலைச்செல்வி மாவு வாளியைக் கழுவி எடுத்து வந்து கல்லை அள்ளிக் கொட்டினார். பாதியில் தூறல் ஆரம்பித்தது. யாரும் நிறுத்தவில்லை.

மேடம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். உதவியாளர் டேப்பை நீட்டினார்.

"பதினாறுக்கு நாலு விரல் குறையுது."

அடியில் இருந்த சல்லி. கலைச்செல்வி துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார், கையாலும் தள்ளினார். மறுபடி டேப்.

"பதினாறு."

மேடம் எழுதிக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பி, "நாளைக்கு ட்ரோன் எதுவும் கிடையாது. தாராளமாப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் மழையிலேயே பந்தல் ஏறியது. இத்தனை வேகமாக நான் வேலை பார்த்ததில்லை. ஏணியைக் கலைச்செல்வி பிடித்துக்கொண்டார். கடைசி ஷீட்டை நான் வாங்கும்போது கீழேயிருந்து சொன்னார்.

"அண்ணே, இனிமே எதுவா இருந்தாலும் பன்னெண்டு நாள் ஆக்காதீங்க."

"சரிம்மா."

இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. தெரு யாருடையதும் இல்லை என்று நினைத்து ஆளுக்கு ஒரு முழம் எடுத்துக்கொள்கிறோம். வண்டிக்கு ஒரு சரிவு, காலுக்கு ஒரு படி, தொட்டிச் செடிக்கு ஓர் ஓரம். பிறகு அதே தெருவில் நின்று, ரோடு ஏன் இப்படிக் குறுகிப்போச்சு என்று கேட்கிறோம். மேலே இருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரிகிறது, யார் எத்தனை முழம் என்று. ஆனால் ஒன்று. பந்தலுக்கு மட்டும் தெருவைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அது இல்லாமல் ஒரு தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது?

முருகேசன் வீட்டுப் படி இன்னும் சந்தில்தான் இருக்கிறது. அரையடிதான், கணக்கில் வராது என்கிறார். கேட்டால், "மேடம் டேப்பை உங்க வாசல்லதானேண்ணே நீட்டினாங்க" என்கிறார். என் கேட் இப்போது உள்பக்கம் திறக்கிறது. திறந்தால் ஸ்கூட்டரில் இடிக்கிறது. வசந்தா தினமும் காலையில் ஒரு தரம் அதைச் சொல்வாள்.

திருத்திய படம் வந்துவிட்டது. எங்கள் சந்து ஒரே கோடாக ஆலை மதில் வரை போகிறது. கலைச்செல்வியின் பிளானுக்கும் போன வாரம் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். அவர் வந்து சொல்லிவிட்டுப் போனதும் வசந்தா போனை எடுத்து, எங்கள் வீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் படத்தில் அந்தச் சரிவையும் படியையும் சேர்த்து வீடு என்று வரைந்திருந்தார்கள்.

"என்னங்க, நம்ம வீடு சின்னதாயிடுச்சே."

இல்லை. இப்போதுதான் அது சரியான அளவில் இருக்கிறது.